நிமிடத்துக்கு இருபது சொட்டு

ட்ரிப் செட்டை நான் வார்டிலிருந்து எடுத்து வரவில்லை.
ஹைகிரவுண்டு வாசல் மருந்துக்கடையில்
காசு கொடுத்து வாங்கியது.
இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஆம்னிக்கு எஞ்சின் சீட்டுக்கு அடியில்.
என் பக்கத்துக் கைப்பிடியில் பாட்டில் தொங்கியது.
குழாய் என் முழங்காலை உரசி இறங்கி
கார்ப்பரேட்டருக்குக் கீழே
எஞ்சின் மூச்சிழுக்கும் இடத்தில்
ஊசியாய் முடிந்தது.

மேலப்பாளையத்தில் மைதீன்பிச்சை எட்டிப் பார்த்தார்.
"என்னவே, வண்டிக்குக் காய்ச்சலா?"
"காய்ச்சல்தான். அத்தனை சூடும் வீணால்லா போவுது.
ஒரு சொட்டு உள்ள விழுந்தா
ஆவியாயி அதுவும் சேந்து தள்ளும்லா?"
"தண்ணியில காசு மிஞ்சும்னா
கொக்கிரகுளத்துக்காரன் பூராவும்
கோடீஸ்வரனால்லா இருக்கணும்?"
ஞானசிகாமணி சிரிக்கவில்லை.
என் புருஷனுக்கு எஞ்சின் விஷயத்தில்
சிரிப்பு வராது.

இதற்கு முன்னால் நேரடியாக ஆவி.
செப்புக் குழாயைச் சைலன்சர் கழுத்தில்
ஏழு சுற்றுச் சுற்றினான்.
போர் தண்ணீர், பேட்டை உப்பு.
பதினோராம் நாள் அறுத்துப் பார்த்தால்
ஆஞ்சியோ படத்தில் காட்டுவார்களே
அந்த அடைப்பு.
பிறகு ஆற்றுத் தண்ணீர்.
பிறகு பேட்டரிக் கடை டிஸ்டில்டு வாட்டர்.
அதன் விலையை அவன் நோட்டில் எழுதவில்லை.
கடைசிப் பக்கத்தில் நான் எழுதினேன்.

வெறும் பெட்ரோல்: பதின்மூன்று புள்ளி எட்டு.
ஆவி: பதினான்கு புள்ளி ஒன்று, அன்று மழை.
சொட்டு: பதினைந்து புள்ளி ஆறு.
அன்றைக்கு ராத்திரி எனக்குத்
தோசை சுட்டுக் கொடுத்தான்.

காரையார் ஏற்றத்துக்கு
மொட்டை போடப் போகிற வீட்டார் ஏழு பேர்,
ஒரு கிடாய்.
எப்போதும் மூன்றாவது வளைவில் எஞ்சின் பல்லைக் கடிக்கும்,
வயிற்றில் பூச்சியுள்ள பிள்ளை
தூக்கத்தில் கடிப்பதைப் போல.
"முழுசாத் தெற" என்றான்.
உருளையைத் தள்ளினேன். சொட்டு கயிறாயிற்று.
கடிப்பது நின்றது.
கிடாயின் மூச்சு கேட்டது.
அது நிஜம். என் காதால் கேட்டேன்.

பணகுடி போய்த் திரும்பியது ஆடியில்.
பக்கவாட்டில் காற்று,
வேனைச் சாலையோரம் தள்ளித் தள்ளிப் பார்த்தது.
நாங்குநேரி தாண்டித்தான் கவனித்தேன்:
அறைக்குள் சொட்டு இல்லை.
வள்ளியூரில் டீக்கு நிறுத்தியபோது மூடிய உருளை
மூடியபடியே.

அவன் ஐம்பதைத் தாண்டவில்லை.
லாரியை முந்தவில்லை.
சரிவில் காலை எடுத்துவிட்டு
பக்கத்தில் கைக்குழந்தை தூங்குவதுபோல்
பிரேக்கைத் தொடாமலே வந்தான்.
ரத்த அழுத்தம் பார்க்கும்போது
நோயாளி இப்படித்தான்,
கேட்காமலே மூச்சை அடக்கிக்கொள்வார்.

கே.டி.சி. நகர் பங்கில் நிரப்பிக் கணக்குப் போட்டான்.
பதினேழு புள்ளி இரண்டு.
பங்க் பையனின் தோளைப் பிடித்து உலுக்கினான்.
சொல்லவா வேண்டாமா என்று
காற்றடிக்கும் வரிசை நகரும் வரை யோசித்தேன்.
ட்ரிப் நின்றிருப்பதைப் பார்த்துவிட்டுச்
சும்மா போகும் பழக்கம் எனக்கில்லை.
சொன்னேன்.

பாட்டிலைப் பார்த்தான். உருளையைப் பார்த்தான்.
ரொம்ப நேரம் தன் வலது செருப்பைப் பார்த்தான்.
பிறகு எழுதினான்: தண்ணீர் இல்லை.
அடியில் இரண்டு கோடு.
அன்று தோசை இல்லை. பரோட்டா.

ஐப்பசியில் ஹெட்டைக் கழற்றிய மைதீன்பிச்சை
போன் போட்டு வரச் சொன்னார்.
இத்தனை வருஷக் கரி கிடக்க வேண்டிய பிஸ்டன் தலைகள்
புளி போட்டுத் தேய்த்த செம்பாய்ப் பளிச்சென்றிருந்தன.
"யாருவே உள்ள போயி வெளக்குனது?"
இதற்கு நோட்டில் ஒரு கட்டம் இல்லை.

இப்போது பாபநாசம் செக்போஸ்டில்
நான்தான் திறக்கிறேன், மலை இறங்கியதும் மூடுகிறேன்.
மற்ற நாளெல்லாம் பாட்டில் சும்மா ஆடுகிறது.
அது மூடியிருப்பது அவனுக்கும் தெரியும்.
கால் மட்டும் இன்னும் நம்புகிறது.

கடைசிப் பக்கத்தில் என் கணக்கு:
டிஸ்டில்டு வாட்டர், நானூற்று அறுபது ரூபாய்.
கூட்டி வைத்திருக்கிறேன்.
கேட்டால் காட்டுவேன்.